பிக்கப்புக்கு ஏர் ஹெல்பர் கிட் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரம் ஏற்றியதும் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்ப்பதைக் கண்டுதான் பெரும்பாலானோர் இந்தக் கிட்டைத் தேடி வருகிறார்கள். பின்னால் கமான் பட்டை (அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டிகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்) வண்டிக்கு விஷயம் மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏர் ஹெல்பர் கிட் என்றால் என்ன?

இருக்கும் கமான் பட்டையைக் கழற்றாமல், அதற்குத் துணையாக வைக்கும் இரண்டு ரப்பர் காற்றுப்பைகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு பையும் மேலே சேஸிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்) கீழே ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) மீதோ பட்டை மீதோ பிராக்கெட் வழியாக உட்காரும். காற்று ஏற ஏற, பை சேஸிஸை மேலே தள்ளும்.

பேருந்தில் இருக்கும் முழு ஏர் சஸ்பென்ஷன் வேறு. அங்கே ஸ்பிரிங்கே காற்றுதான்; பை போனால் வண்டி உட்கார்ந்துவிடும். இங்கே பை போனாலும் பழைய பட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதைப் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

கூடாது. கிட் வரும் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். உதாரணமாக, ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் லோட்லிஃப்டர் 5000 கிட்டில் உள்ள 5000 என்பது, இரண்டு பைகளும் சேர்ந்து தாங்கக்கூடிய 5000 பவுண்டைக் குறிக்கிறது. ஏறத்தாழ 2,270 கிலோ. அது பையின் பலம், உங்கள் வண்டியின் பலம் அல்ல. பிரேக், ஆக்சில், வீல் பேரிங், டயர், சேஸிஸ் எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

கணக்கு எளிது. வண்டியின் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ, காலி எடை 2,000 கிலோ என்றால் மிச்சம் 1,000 கிலோ. ஓட்டுநர், உடன் வருபவர்கள், பின்னால் போட்ட கூண்டு, ஏன், இந்தக் கிட்டின் எடைகூட அந்த ஆயிரத்துக்குள்தான் அடங்க வேண்டும். பின் ஆக்சிலுக்கென்று தனி வரம்பும் உண்டு, அதையும் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட பாரத்தையே ஏற்றிக்கொண்டு, வண்டி சமமாக நின்று, ஆடாமல் போவதற்குத்தான் கிட்.

வண்டி சமமாக நிற்பதைப் பார்த்து ‘பாரம் அளவாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. பட்டை தாழ்வது ஓர் எச்சரிக்கை. பை அதை மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் போதாதா?

சில வண்டிகளுக்கு அதுவே சரி. தினமும் ஒரே பாரத்தோடு ஓடும் வண்டி, அதாவது கருவிப் பெட்டியும் சட்டமும் நிரந்தரமாக மேலேயே இருக்கும் வண்டி என்றால், கூடுதல் பட்டைதான் என் தேர்வு. கசியாது, காற்றும் பார்க்க வேண்டாம். ஆனால் காலியாக ஓட்டும்போது முதுகு கண்டுபிடித்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் பாரம், மற்ற நாள் காலி என்றால் காற்றுப்பை நல்லது, ஏனென்றால் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

காலி வண்டியே பின்னால் தாழ்ந்து நிற்கிறதா? அப்படியானால் பட்டை தளர்ந்துவிட்டது அல்லது உடைந்திருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தளர்ந்த பட்டைக்கு முட்டுக்கொடுக்கப் பையைப் பயன்படுத்தினால், எந்நேரமும் அதிகக் காற்றில் ஓடிப் பை சீக்கிரம் போய்விடும்.

எந்த வகைப் பை வாங்குவது?

இரண்டு மடிப்பாகத் தடித்த வளையங்கள் போல் இருப்பது பெல்லோ வகை. குறைந்த உயரத்திலேயே அதிகப் பாரம் தாங்கும். நீளமான உருளையாக, பிஸ்டன் மேல் சுருண்டு இறங்குவது ஸ்லீவ் வகை; மேலும் கீழும் அதிக தூரம் போகும், ஓட்டம் கொஞ்சம் மென்மையாக இருக்கும். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம்.

காயில் ஸ்பிரிங் வண்டிக்கு, ஸ்பிரிங்கின் உள்ளேயே நுழைக்கும் சிறிய உருளைப் பை வரும். அதன் காற்றளவு மிகக் குறைவு. ஏர் லிஃப்ட் 1000 வகைக்கு 35 பிஎஸ்ஐதான் (டயருக்கும் பார்க்கும் அதே காற்றழுத்த அளவு) உச்சம். பெல்லோ பைக்குப் பொதுவாக உள்ள 100 பிஎஸ்ஐயை நினைத்துக்கொண்டு இதில் ஏற்றினால் வெடித்துவிடும்.

எந்த வகையானாலும் உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு, இரு சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா என்பதற்கெல்லாம் பொருந்தும் கிட்டை வாங்குங்கள். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டிக்கு அதற்கேற்ற ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வேண்டும். இல்லாவிட்டால் பை எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும்.

நானே பொருத்த முடியுமா?

பிரேக் பேட் மாற்றியோ ஷாக் அப்சார்பர் கழற்றியோ பழக்கம் இருந்தால் முடியும். பெரும்பாலான கிட்டுகளில் சேஸிஸில் துளை போட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் துளைகளையும் பம்ப் ஸ்டாப் ரப்பர் (பள்ளத்தில் ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இருந்த இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். முதல் தடவை செய்பவர் அரைநாள் ஒதுக்கிக்கொண்டால் அவசரப்படாமல் முடிக்கலாம்.

ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, சாக்கெட் செட், டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), கூர்மையான பிளேடு, டயர் காற்றளவு மானி, சோப்பு நீர் இவை போதும். வால்வுக்குத் துளை போட ஒரு டிரில்லும் வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இதில் சலுகையே கிடையாது.

வண்டியை எங்கே தூக்குவது?

ஆக்சிலும் சேஸிஸும் விலகினால்தான் பையை உள்ளே நுழைக்க இடம் கிடைக்கும். அதனால் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்சில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றாமலே வேலை நடக்கும், ஆனால் கழற்றினால் கை நன்றாக உள்ளே போகும்.

அதற்கு முன்னால், காலி வண்டி தரையில் நிற்கும்போதே நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை அளந்து எழுதி வைத்துவிடுங்கள். பிற்பாடு எவ்வளவு காற்று என்று முடிவு செய்ய இந்த எண்கள்தான் துணை.

பொருத்தும் வரிசை என்ன?

உங்கள் கிட்டின் கையேடுதான் கடைசி வார்த்தை. பொதுவான போக்கு இப்படி இருக்கும்.

முதலில் சேஸிஸுக்கு அடியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் பை உட்காரும் இடம் அதுதான். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் போல்ட்டோடு ஒரு பையில் கட்டி வையுங்கள்.

அடுத்து, பையை வெளியிலேயே வைத்து மேல், கீழ் பிராக்கெட்டுகளோடு சேர்ப்பது. கிட்டில் ரோல் பிளேட் என்ற வட்டத் தகடு இருந்தால், அதன் வளைந்த விளிம்பு ரப்பர் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் கூர்மையான விளிம்பு ரப்பரை அறுத்துவிடும். காற்றுக் குழாய் சொருகும் ஃபிட்டிங்கையும் இப்போதே முறுக்கிவிடுங்கள். வண்டிக்குள் ஏற்றிய பின்னால் அங்கே ஸ்பேனர் திருப்ப இடம் இருக்காது. ஃபிட்டிங்கின் மரையில் ஏற்கெனவே கசிவுத் தடுப்புப் பூச்சு இருந்தால் டெஃப்லான் டேப் வேண்டாம். கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று. பித்தளை என்பதால் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பிறகு பையை அமுக்கிச் சுருக்கி, ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நுழைத்து, போல்ட்டுகளைக் கையளவு இறுக்கத்தில் விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆக்சில் தொங்கும் நிலையில் நேராகத் தெரியும் பை, வண்டி தரையில் நிற்கும்போது சாய்ந்துவிடக்கூடும். ஆக்சிலை அதன் இயல்பான உயரத்துக்குக் கொண்டுவந்து, பையில் சிறிதளவு காற்று விட்டு, மேல் தட்டும் கீழ் தட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிராக்கெட்டை நகர்த்திச் சரிசெய்த பிறகே டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

கீழ் பிராக்கெட்டின் யூ போல்ட் ஆக்சிலைச் சுற்றி வரும் இடத்தில் இரும்பு பிரேக் குழாய், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றும் இருக்கும். யூ போல்ட்டுக்கு அடியில் பிரேக் குழாய் நசுங்கினால் உடனே தெரியாது. தேவையானால் குழாயின் கிளிப்பைக் கழற்றி, கையால் மெதுவாக விலக்கி, வழி பண்ணிக்கொடுங்கள்.

பையைச் சுற்றி எவ்வளவு இடைவெளி வேண்டும்?

காற்று ஏறியதும் பை பக்கவாட்டில் உப்பும். உப்பிய நிலையில் சுற்றிலும் குறைந்தது 12 மி.மீ., அதாவது அரை அங்குலம், எதிலும் படாமல் இருக்க வேண்டும். டயர், பட்டையின் கிளாம்ப், சேஸிஸ் விளிம்பு, ஷாக் அப்சார்பர் என்று எல்லாப் பக்கமும் விரல் விட்டுப் பாருங்கள். ரப்பர் வெடித்துப் போவதைவிட உரசித் தேய்ந்து போவதுதான் அதிகம்.

சைலன்சர் குழாய் 15 செ.மீ.க்குள் வந்தால் வெப்பத் தடுப்புத் தகடு போட்டே ஆக வேண்டும். பல கிட்டுகளில் சைலன்சர் பக்கத்துக்கு மட்டும் ஒரு தகடு கொடுத்திருப்பார்கள். அதைக் கூடுதல் உதிரி என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

காற்றுக் குழாயை எப்படிக் கொண்டுபோவது?

கிட்டில் வருவது பொதுவாகக் கால் அங்குல நைலான் குழாய். கசிவுப் புகார்களில் பெரும்பகுதி இந்தக் குழாயின் முனையில்தான் ஆரம்பிக்கிறது. கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி நீள்வட்டமாகிவிடும், ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சரியாகப் பிடிக்காது. கூரிய பிளேடால் ஒரே வெட்டாக, நேர்குத்தாக வெட்டுங்கள். ஃபிட்டிங்கில் சொருகும்போது முதலில் ஒரு தடை தெரியும். அதையும் தாண்டி அடிவரை அழுத்தி, பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. கழற்ற வேண்டுமென்றால் காற்றை முழுதும் இறக்கிவிட்டு, ஃபிட்டிங்கின் வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு உருவ வேண்டும். திரும்பச் சொருகும் முன் முனையைப் புதிதாக வெட்டிக்கொள்வது நல்லது.

சைலன்சரிலிருந்து தள்ளி, சேஸிஸின் உட்புறமாக, ஏற்கெனவே ஓடும் ஒயர் கட்டோடு சேர்த்து டை போட்டுக்கொண்டு போங்கள். கூர்மையான வளைவு வேண்டாம். டையை நெரிப்பது போல் இறுக்கவும் வேண்டாம். வால்வை நம்பர் பிளேட் பக்கத்திலோ பின் பம்பரிலோ 8 மி.மீ. துளை போட்டு வைக்கலாம். டயருக்குக் காற்றடிப்பது போலவே அடித்துக்கொள்ளலாம், வால்வும் அதே வகைதான்.

இரண்டு பைகளுக்கும் ஒரே வால்வு போதுமா?

டி-இணைப்புப் போட்டால் இரண்டும் எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருக்கும், வேலையும் மிச்சம். ஆனால் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அமுங்கும் பையிலிருந்து காற்று மறு பைக்குப் போய்விடும். சாய்வு இன்னும் கூடும். உயரமான பாரம் ஏற்றுபவர்களுக்கு இது நல்லதல்ல. தனித்தனி வால்வு வையுங்கள். பாரம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலும் அந்தப் பக்கம் மட்டும் காற்றைக் கூட்டிச் சமன் செய்யலாம்.

எவ்வளவு காற்று வைப்பது?

பாரத்துக்கு இவ்வளவு என்று எல்லா வண்டிக்கும் பொருந்தும் அட்டவணை கிடையாது. பை தரும் தாங்குபலம் என்பது காற்றழுத்தத்தை அதன் பரப்பால் பெருக்கிய அளவு. 5 அங்குல விட்டத்தில் வேலை செய்யும் பைக்குப் பரப்பு சுமார் 20 சதுர அங்குலம். 50 பிஎஸ்ஐயில் அது ஏறத்தாழ 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோவைத் தாங்கும். பை அமுங்கும்போதும் நீளும்போதும் இந்தப் பரப்பு மாறுவதால், எண்ணை நம்புவதைவிட உயரத்தை நம்புவது மேல்.

பாரத்தை ஏற்றுங்கள். எழுதி வைத்த காலி உயரத்தோடு ஒப்பிடுங்கள். பின்பக்கம் அந்த உயரத்தை நெருங்கும்வரை காற்றை விடுங்கள். 10, 20 மி.மீ. கீழே நின்றால் பரவாயில்லை. காலி உயரத்துக்கும் மேலே தூக்குவது தப்பு. ஓட்டிப் பார்த்து, பின்பக்கம் துள்ளினால் கொஞ்சம் இறக்குங்கள். பள்ளத்தில் தட்டினால் கொஞ்சம் ஏற்றுங்கள். பிடித்துப்போன அளவை ஒரு துண்டு டேப்பில் எழுதி வால்வுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அடுத்த தடவை யோசிக்க வேண்டாம்.

டயர் காற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பாரத்துக்குரிய டயர் அழுத்தம் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

காலியாக ஓட்டும்போது காற்றை முழுதும் இறக்கிவிடலாமா?

வேண்டாம். குறைந்தது 5 பிஎஸ்ஐ இருக்கட்டும். காற்றில்லாத பையின் மடிப்புகள் தட்டுகளுக்கு நடுவே கடிபட்டு அறுந்துபோகும். உள்ளேயே ரப்பர் பம்பர் வைத்த வகைகள் காற்று போன நிலையையும் தாங்கும், ஆனாலும் அதை வழக்கமாக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பாரத்தை இறக்கிவிட்டு 70 பிஎஸ்ஐயோடு திரும்பி ஓட்டினால் பின்பக்கம் கட்டை போல் ஆகிவிடும், ஈரச் சாலையில் டயர் பிடியும் குறையும்.

பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சில வண்டிகளில் உண்டு, கேட்டவர்கள் குறைவு என்பதால் நானே சேர்த்த கேள்வி இது. பல பிக்கப்புகளில் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வோடு இணைந்திருக்கும். அது பாரம் உணரும் பிரேக் வால்வு. பின்பக்கம் தாழ்ந்தால் ‘பாரம் இருக்கிறது’ என்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். உயர்ந்திருந்தால் குறைத்து அனுப்பும்.

இப்போது பையால் வண்டியைத் தூக்கிவிடுகிறீர்கள். பாரம் முழுதாக இருந்தும் வால்வுக்கு வண்டி காலியாகத் தெரிகிறது. பாரம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கிறது. உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால், கிட் தயாரிப்பாளர் அதற்கு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அந்தக் கம்பியை நீங்களாக வளைக்காமல், பிரேக் தெரிந்தவரிடம் சரிசெய்யச் சொல்லுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை ஏபிஎஸ் அமைப்பே பார்த்துக்கொள்கிறது, அங்கே இந்தக் கவலை இல்லை.

டிரெய்லர் இழுக்கிறேன், இதைப் போட்டால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைவது நிற்குமா?

நிற்காது. கொக்கியில் 150 கிலோ இறங்குகிறது, கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சில் 60 கிலோ இழக்கும், பின் ஆக்சில் 210 கிலோ கூடுதலாகச் சுமக்கும். பையில் எவ்வளவு காற்று விட்டாலும் இந்த எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வண்டி மட்டும் சமமாகத் தெரியும். எடையை முன்னால் தள்ள வேண்டுமென்றால் அதற்கான எடை பகிரும் கொக்கி வேண்டும். இரண்டும் இருந்தால், பையைக் குறைந்த காற்றில் வைத்துக்கொண்டு முதலில் கொக்கியைச் சரிசெய்து, மிஞ்சிய தாழ்வுக்கு மட்டும் காற்றைப் பயன்படுத்துங்கள்.

காற்றுப்பையால் சேஸிஸ் வளையும் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. குறிப்பாக ஆஸ்திரேலியாவில், நான்கு கதவு பிக்கப்பில் கனமான கேரவனை இழுத்து, பின்னாலும் நிறையப் பாரம் ஏற்றி, கேபினுக்கும் பாரம் ஏற்றும் டப்பாவுக்கும் நடுவே சேஸிஸ் வளைந்த வண்டிகள் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

காரணம் இதுதான். கமான் பட்டை, ஆக்சிலுக்கு முன்னால் ஓர் இடத்திலும் பின்னால் ஓர் இடத்திலும் சேஸிஸைப் பிடித்திருக்கிறது. பாரம் அந்த இரண்டு முனைகளுக்கும் பிரிகிறது. பை, ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் தள்ளுகிறது. பெரும்பங்கு பாரத்தைப் பையிடம் கொடுத்துவிட்டால், பட்டையின் பின்முனை கொடுத்த தாங்கல் குறைந்துபோகும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் தொங்கும் பாரம் சேஸிஸைக் கீழே வளைக்கப் பார்க்கும். மேடுபள்ளத்தில் வேகமாகப் போனால் இது பல மடங்காகும்.

பையை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பை இல்லாமலும் அளவுக்கு மீறிய பாரத்தில் சேஸிஸ் வளைந்ததுண்டு. பாரத்தை ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள், தாழ்வைச் சரிசெய்யத் தேவையான அளவுக்கு மேல் காற்று விடாதீர்கள், கரடுமுரடான பாதையில் வேகத்தைக் குறையுங்கள்.

கரடுமுரடான பாதையில் பை பிய்ந்து வருமா?

ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆக்சில் பையின் நீளத்தையும் தாண்டி இறங்கினால் பிய்ந்துவிடும். அப்படிப்பட்ட பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு, கீழ்ப்பக்கம் ஆக்சிலோடு பூட்டாமல் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்து எழும் அமைப்பும் கிடைக்கிறது.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கையேட்டில் உள்ள சோதனை அழுத்தம் வரை காற்றேற்றி, எல்லா இணைப்பிலும் வால்விலும் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வந்தால் அங்கேதான். மறுநாள் மானி வைத்துப் பாருங்கள். ஓரிரண்டு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் பதற வேண்டாம்: பையின் கொள்ளளவு டயரைவிட மிகச் சிறியது, மானியை வைத்து எடுக்கும் நேரத்தில் தப்பும் காற்றே எண்ணை இறக்கிவிடும். குளிர்ந்தாலும் கொஞ்சம் குறையும். அதைவிடப் பெரிதாக இறங்கினால் குழாய் முனையை உருவி, புதிதாக வெட்டிச் சொருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

வண்டிக்குள்ளேயே கம்ப்ரஸர் வைக்கலாமா?

வைக்கலாம், அடிக்கடி பாரம் மாறுபவர்களுக்கு வசதி. ஃபியூஸும் ரிலேவும் போட்டு, சாவி திருப்பினால் மட்டும் வேலை செய்யும்படி இணையுங்கள். சேறு, தண்ணீர் படாத உயரத்தில் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை பாரம் ஏற்றுபவருக்கு ஒரு கைப் பம்பு போதும்.

வழியில் பை கிழிந்தால்?

வண்டி ஒரு பக்கமாகச் சாயும். ஓரமாக நிறுத்தி, மறு பக்கப் பையிலும் காற்றைக் குறைத்துச் சமன் செய்துகொண்டு, மெதுவாகப் போய்ச் சேருங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றிய வண்டி என்றால் பள்ளங்களில் இன்னும் கவனம்.

பராமரிப்பு என்ன?

முதல் 800 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை பாருங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை காற்று, வண்டி கழுவும்போது பையின் மடிப்பில் சிக்கிய கல், சேறு. சோப்பு நீரே போதும். டீசல், பெட்ரோல், கிரீஸ் எதுவும் ரப்பர்மேல் படக்கூடாது. பாரத்தோடு இரவில் ஓட்டுபவர்கள் முன்விளக்கின் உயரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாமா?

கழற்றலாம். காற்றை முழுதும் இறக்கி, வந்த வழியே பிரித்துவிட்டு, எடுத்து வைத்த பம்ப் ஸ்டாப் ரப்பரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் முதல் பெரிய பள்ளத்திலேயே ஆக்சில் சேஸிஸில் மோதும். ரப்பர் தொலைந்திருந்தால் புதிது வாங்கி வைத்துக்கொண்டே பிரிக்க ஆரம்பியுங்கள்.